கமோ நதிக்கரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி

ஜப்பான் தேசத்தின் பழைய தலைநகராகிய கியோட்டோவுக்குச் செல்கிறவர்கள், பொற்றகடு வேய்ந்த கின்காகுஜி ஆலயத்தையும், ஃபுஷிமி மலைமேல் வரிசை வரிசையாக நிற்கும் செந்நிறத் தோரண வாயில்களையும் பார்க்காமல் திரும்புவதில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாமும் அவற்றைப் பார்த்தோம். மேப்பிள் மரங்களின் இலைகள் செக்கச் சிவந்திருந்த காலம் அது. ஆயினும் அந்தக் காட்சிகளை வருணிப்பது நம் நோக்கமன்று. அவற்றை நம்மைவிட நன்றாக வருணித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நாம் சொல்ல வந்தது, கமோ ஆற்றுக்கு அருகே ஒரு குறுகிய தெருவில் நிற்கும் பழைய கட்டடம் ஒன்றையும், நம் கைப்பையில் துணிசுற்றிக் கொண்டுசென்ற சாம்பல் நிறப் பெட்டி ஒன்றையும் பற்றி.

கியோட்டோ இரயில் நிலையத்திலிருந்து கிழக்கே நடந்து, தகாசே என்னும் சிறு கால்வாயின் கரையோடு சென்றால், மரவீடுகள் நெருங்கிய அமைதியான பகுதி ஒன்று வருகிறது. அங்கே 1930-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கட்டடம் ஒன்று, அக்காலத்து வங்கி போன்ற கம்பீரத்துடன் நிற்கிறது. நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய தலைமை அலுவலகம் அதுதான். நீண்ட காலம் பூட்டிக் கிடந்த அந்த இடம், 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் பதினெட்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. ‘மருஃபுகுரோ’ என்று பெயர். அறை வாடகையை விசாரித்ததும் நாம் வெளியே நின்று பார்ப்பதோடு திருப்தி அடைந்தோம். சுவரிலிருந்த பழைய பெயர்ப்பலகையை நண்பர் வாசித்துச் சொன்னார். விளையாட்டுச் சீட்டு விற்பனை என்று எழுதியிருந்ததாம்.

ஆம், சீட்டுத்தான்! இன்று உலகமெங்கும் மின்னணு விளையாட்டுகளுக்குப் பெயர்போன அந்த நிறுவனத்தை 1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஃபுசஜிரோ யமவுச்சி என்பவர் தொடங்கியபோது, விற்ற பொருள் ‘ஹனஃபுதா’ என்னும் மலர்ச் சீட்டு. ஒரு கட்டில் 48 சீட்டுகள். ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் மாதத்துக்கு நான்காக, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மரம் அல்லது மலர். ஜனவரிக்குப் பைன், மார்ச்சுக்குச் செர்ரி, ஆகஸ்டுக்கு முழுநிலவின் கீழ் நாணல் போன்ற புல். நம் விரல் நீளம்கூட இல்லாத தடித்த சீட்டுகள். எண்களே இல்லை.

இந்தச் சீட்டு விளையாட்டு ஜப்பானுக்கு வந்த கதை நம் வாசகர்களுக்குச் சற்று உறவுடையது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே சென்ற போர்த்துக்கீசியர் தம் கப்பல்களில் சீட்டுக்கட்டையும் கொண்டுபோனார்கள். அவர்கள் மொழியில் சீட்டுக்குக் ‘கார்த்தா’ என்று பெயர். ஜப்பானியர் அதைக் ‘கருத்தா’ ஆக்கிக்கொண்டார்கள். நாம் சாவி என்கிறோம், ஜன்னல் என்கிறோம், அலமாரி என்கிறோம். இவையெல்லாம் அதே போர்த்துக்கீசியர் நம் வீடுகளில் விட்டுப்போன சொற்களே. ரொட்டிக்கு இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்பார்கள். ஜப்பானியரும் ‘பான்’ என்றுதான் சொல்கிறார்கள். அடுமனையின் முன் நின்று இதைக் கேட்டபோது நமக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் கப்பல்களின் வழியேதான் புனித பிரான்சிஸ் சவேரியாரும் சென்றார். நமது முத்துக்குளித்துறையில் 1542-இல் கால்பதித்தவர், 1549-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ககோஷிமாவில் இறங்கினார். 1551 ஜனவரியில் பனியில் நடந்தே கியோட்டோவை அடைந்தார். சக்கரவர்த்தியைச் சந்திக்க அவருக்கு வழி கிடைக்கவில்லை. சில நாள்களே தங்கித் திரும்பினார். பின்னர் யமகுச்சி என்னும் ஊரில் ஓஉச்சி யோஷிதாகா என்ற பிரபுவைக் காணச் சென்றபோது, மணியடிக்கும் கடிகாரம், இசைக்கருவி, மூக்குக்கண்ணாடி முதலிய அபூர்வப் பொருள்களைக் காணிக்கையாகக் கொண்டுபோனார். பிரபு மகிழ்ந்து போதிக்க அனுமதியளித்தார். ஒரு புதுமைப் பொருளை அந்நியர் முன்னே எடுத்துவைத்தால் கதவு திறக்கும் என்பதைச் சவேரியார் அன்றே அறிந்திருந்தார். நம் கைப்பையில் இருந்த பொருள் புதுமையானதன்று, மிகப் பழையது. ஆனால் அதற்கும் கதவுகள் திறந்தன.

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லவேண்டும். தூத்துக்குடிக் கரையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், வாலிபத்தில் சரக்குக் கப்பலில் வேலைபார்த்தவர். 1996-ஆம் ஆண்டு அவருடைய கப்பல் கோபே துறைமுகத்தில் நின்றது. முந்தின ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தின் வடுக்கள் அப்போது அந்தத் துறைமுகத்தில் ஆறவில்லை. கரையிறங்கிய அவர், தம் ஒரே மகனுக்காக ‘கேம் பாய்’ என்னும் கைவிளையாட்டுப் பெட்டி ஒன்றும், அதில் செருகும் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் வாங்கினார். அந்த ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் வெளிவந்த ‘போக்கெமோன்’ விளையாட்டு அது. கடைக்காரர் ஒரு காகிதத் துண்டில் பையனின் பெயரை ஜப்பானிய எழுத்துகளில் எழுதியும் கொடுத்தாராம். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆடுகிறவன் பெயரைக் கேட்கும். பையன் அந்தத் துண்டைப் பார்த்து எழுத்துகளின் உருவத்தைத் தேடிப்பிடித்துப் பதிவு செய்தான்.

ஒரு வரி ஜப்பானியமும் தெரியாமல் அந்த ஆட்டத்தை அவன் ஆடினான் என்பது நமக்கு இன்றும் வியப்பே. சென்னைக்குச் செல்லும் முத்துநகர் விரைவு வண்டியில் அவன் அதை எடுத்தால் போதும். எதிர் வரிசைக்காரர்கள் எழுந்து வந்துவிடுவார்களாம். மேல் படுக்கையிலிருந்து ஒரு தலை தொங்கும். டிக்கெட் பரிசோதகர்கூட ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார் என்று தந்தை சொல்வார். பையன் யாருக்கும் மறுக்கமாட்டான். ஆனால் பொத்தானை அழுத்தும் உரிமை மட்டும் அவனுடையது.

2003-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், காய்ச்சல் கண்டு அவன் இறந்துபோனான்.

பெட்டி வீட்டில் இருந்தது. பெரியவர் எப்போதாவது புது பேட்டரி வாங்கிப்போட்டு அதை இயக்குவார். முதல் வரியில் பொத்தானை அழுத்தினால் மகனின் பெயர் தோன்றும். அவன் வென்ற பதக்கங்களின் எண்ணிக்கையும், ஆடிய நேரமும் தோன்றும். 61 மணி 24 நிமிடம். அதைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார். நாம் ஜப்பான் செல்வதை அறிந்து ஒரு மாலை அவர் வந்தார்.

“சாமி, நீங்க அந்த ஊருக்குத்தானே போறீங்க? இது அங்கே பிறந்த சாமான். உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்காம். அது செத்துப்போனா எம்மவன் பேரும் போயிரும்னு பக்கத்து வீட்டுப் பையன் சொல்றான். அங்கே யாராவது பார்ப்பாங்களான்னு கேளுங்க.”

பக்கத்து வீட்டுப் பையன் சொன்னது உண்மையே. கேம் பாய் நான்கு சாதாரணப் பென்சில் பேட்டரிகளில் ஓடுகிறது. அவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் சில கார்ட்ரிட்ஜுகளின் உள்ளே நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆடியவரின் பதிவு ஒரு நினைவகச் சில்லில் இருக்கிறது. அந்தச் சில்லுக்கு மின்சாரம் ஒரு கணமும் அறாமல் வேண்டும். மின்கலம் தீர்ந்தால் பதிவு அழியும். அவசரப்பட்டு மின்கலத்தைக் கழற்றினாலும் அழியும். இவை பதினைந்து இருபது ஆண்டுகள் உழைக்கும் என்பார்கள். இது இருபத்தெட்டு ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

இப்படியாக அந்தப் பெட்டி தான் பிறந்த தேசத்துக்குத் திரும்பியது. கடலை மேடாக்கி 1994-இல் கட்டப்பட்ட கன்சாய் விமான நிலையத்தில், சுங்க அதிகாரியான நடுவயதுக்காரர் ஒருவர் நம் பையைத் திறந்து துணியை விலக்கினார். உத்தியோக முகம் மாறிச் சிறுபிள்ளை முகம் ஆயிற்று. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, இரு கைகளாலும் ஏந்தித் திருப்பித் தந்தார்.

கியோட்டோவில் நாம் தங்கிய எளிய விருந்தினர் இல்லத்தில் சமையலறையும் சாப்பாட்டு மேசையும் எல்லோருக்கும் பொது. முதல் நாள் இரவு அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் இரவு நாம் அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்தோம். சற்றே பெருமையுடன்தான் வைத்தோம் என்பதை மறைப்பானேன்!

விசையைத் தள்ளியதும், பாசிநிறத் திரையின் மேலிருந்து நிறுவனத்தின் பெயர் மெல்ல இறங்கி வந்து நடுவில் நின்று, ‘டிங்’ என்று ஒரு மணியோசை எழும். அந்த ஓசைக்கு மேசையைச் சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த தம்பதியர், பிரேசில் நாட்டு மாணவர், நாகோயாவில் முதியோரைப் பராமரிக்கும் பணியிலிருந்த பிலிப்பைன்ஸ் சகோதரி, அமெரிக்க ஆசிரியர் ஒருவர். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் நம் பக்கம் நெருங்கிவிட்டார்கள். ஜெர்மானியரின் மனைவி, தம் தம்பியும் தாமும் இதற்காகப் பிடித்த சண்டைகளைச் சொல்லிச் சிரித்தார். பிலிப்பைன்ஸ் சகோதரி, ஒரே பெட்டியைத் தெருப்பிள்ளைகள் முறைவைத்து ஆடியதைச் சொன்னார். அமெரிக்க ஆசிரியரோ இன்னொன்று சொன்னார். வளைகுடாப் போரின்போது குண்டுவீச்சில் வெந்து உருகிய கேம் பாய் ஒன்றை நியூயார்க் நகரில் நிண்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் பார்வைக்கு வைத்திருந்தார்களாம். மேலுறை கருகியும் திரை இயங்கிக்கொண்டிருந்தது. அர்ச். பத்திரிசியார் பேராலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள அந்தக் கடையில் தாம் அதை நேரில் கண்டதாக அவர் சொன்னார். 2023-இல் அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள்.

நாமும் நம் பங்குக்கு ஒரு செய்தி வைத்திருந்தோம். ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் 1993-ஆம் ஆண்டு ஜூலையில் ‘மீர்’ விண்நிலையத்துக்குச் சென்றபோது ஒரு கேம் பாயையும் ‘டெட்ரிஸ்’ விளையாட்டையும் கூடக் கொண்டுபோனார். 196 நாள்கள் பூமியைச் சுற்றிவந்த பெட்டி அது. பிரயாணிகளுக்கென்றே பிறந்த பொருள், பிரயாணத்தின் எல்லையையே கண்டுவிட்டது.

அப்போது பிரேசில் மாணவர் உற்சாக மிகுதியில் கார்ட்ரிட்ஜை உருவி, அதன் வாயில் ஊதப்போனார். நம் நெஞ்சு திக்கென்றது. மேசையின் கோடியில் அதுவரை தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஜப்பானிய முதியவர் கையை உயர்த்தித் தடுத்தார். ஹிமேஜி நகரிலிருந்து இலைகளின் சிவப்பைக் காண வந்தவர். மின்சாதனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். வாயால் ஊதினால் ஈரம் பட்டுச் செம்பு இணைப்புகள் கெடும் என்றார். உலகமெங்கும் பிள்ளைகள் ஊதித்தான் ஆடினார்கள். ஊதாமலே ஒருமுறை கழற்றிச் செருகினாலும் அதே பலன்தான் என்பது அவர் கருத்து. பிறகு பெட்டியைத் தம் முன்னே இழுத்துக்கொண்டு, திரையிலிருந்த மூன்று வரிகளையும் நமக்குப் படித்துச் சொன்னார். முதல் வரி, ‘விட்ட இடத்திலிருந்து தொடங்கு’. இரண்டாவது, ‘ஆதியிலிருந்து தொடங்கு’. மூன்றாவது, அமைப்புகளை மாற்றுவது. தூத்துக்குடி வீட்டில் இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்த வரிகளின் பொருள் யாருக்கும் தெரியாது. இரண்டாவது வரியில் கைபட்டு, மீண்டும் பதிவும் செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

முதியவர் முதல் வரியை அழுத்தினார். கட்டத்துக்குள் தோன்றிய நான்கு எழுத்துகளை ஜப்பானிய உச்சரிப்பில் நிதானமாக வாய்விட்டுப் படித்தார். அது அந்தப் பையனின் ஞானஸ்நானப் பெயர். பிறகு, “இது யார்?” என்று கேட்டார். சொன்னோம். பிரேசில் மாணவர் தம் கையிலிருந்த கார்ட்ரிட்ஜ் மூடியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

முதியவர் அன்றிரவே தொலைபேசியில் யாரிடமோ பேசினார். ஒசாகாவில் நிப்போன்பாஷி என்னும் மின்பொருள் கடைவீதியில் அவருடைய தம்பி சிறு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். மூன்று நாள் கழித்து வரச்சொன்னார்.

இடையில் இருந்த நாள்களில் ஒன்றை ஊஜிக்குச் செல்ல ஒதுக்கினோம். கியோட்டோவுக்குத் தெற்கே தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே ஓகுரா என்னுமிடத்தில் 1969-இல் கட்டிய தொழிற்சாலையில் முன்பு சீட்டுகள் தயாரித்தார்கள்; பிற்காலத்தில் விளையாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்த்தார்கள். 2024 அக்டோபர் 2-ஆம் நாள் அது நிண்டெண்டோ அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நுழைவுச்சீட்டைக் குலுக்கல் முறையில் தருகிறார்கள். ஒசாகாவில் பணியாற்றும் நம் குருமடத் தோழர் எப்படியோ பெற்றிருந்தார்.

கின்டெட்சு இரயிலில் ஓகுராவுக்குச் செல்லும்போது நமக்கு குன்பெய் யோகோய் ஞாபகமே. கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர். 1941-இல் கியோட்டோவில் பிறந்து, கிறிஸ்தவரான நீஜிமா ஜோ 1875-இல் நிறுவிய தோஷிஷாவில் மின்னணுவியல் கற்று, 1965-இல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். சேர்ந்தது கண்டுபிடிப்பாளராக அல்ல. சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு. ஓய்வு நேரத்தில் நீண்டு சுருங்கும் இடுக்கிக் கை ஒன்றை வேடிக்கையாகச் செய்து விளையாடிக்கொண்டிருந்ததை முதலாளி ஹிரோஷி யமவுச்சி பார்த்துவிட்டார். வேலை போகும் என்று நினைத்தவரிடம், அதை விற்பனைக்குத் தயாரிக்கும்படி சொன்னார் முதலாளி. 1966-இல் வெளிவந்த அந்த ‘அல்ட்ரா ஹாண்ட்’ பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது.

ஒருநாள் யோகோய் அதிவேக இரயிலில் சென்றபோது, களைத்துப்போன அலுவலர் ஒருவர் பொழுதுபோகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்தி விளையாடுவதைக் கண்டார். பெரியவர்கள் இரயிலில் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் விளையாட ஒரு சிறு பொருள் இருந்தால் என்ன? இந்த எண்ணத்தை முதலாளியிடம் சொல்ல வாய்ப்பு வந்த விதமும் வேடிக்கையானது. முதலாளியின் வாகன ஓட்டுநர் ஒருநாள் வரவில்லை. இடப்பக்கம் ஓட்டும் அந்த அந்நியக் காரை ஓட்டத் தெரிந்தவர் யோகோய் ஒருவரே. வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார். முதலாளி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவர் பக்கத்தில் அமர்ந்தவர், கணக்கிடும் கருவிகள் செய்யும் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர்! 1980 ஏப்ரலில் ‘கேம் அண்ட் வாட்ச்’ வெளிவந்தது. அந்த வகைகள் எல்லாம் சேர்ந்து 4 கோடிக்கு மேல் விற்றன. 1989 ஏப்ரல் 21-இல் அதன் தம்பியாகக் கேம் பாய் பிறந்தது. விலை 12,500 யென்.

யோகோயின் கொள்கை நம் கிராமத்துத் தச்சர்களுக்கும் ஒப்பானது. புத்தம்புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாதே; பழகிப் பழுத்து விலை மலிந்ததை எடுத்துப் புதுவழியில் பயன்படுத்து என்பார். கேம் பாயின் திரையில் நான்கே சாயைகள், வண்ணமே இல்லை. போட்டியாக வந்த செகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ வண்ணத்தில் ஜொலித்தது. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். யோகோயின் பெட்டியோ நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பின்னர் வந்த வண்ணவகையும் சேர்த்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றது. நெடும்பயணம் போகிறவனுக்கு அழகைவிட உழைப்பே முக்கியம். அதை அவர் இரயிலில் கற்றிருந்தார்.

1996 ஆகஸ்டில் அவர் நிறுவனத்தைவிட்டு விலகினார். 1997 அக்டோபர் 4-ஆம் நாள், விரைவுச்சாலை ஒன்றில் தம் கார் முன்வண்டியோடு மோதியதைப் பார்க்க இறங்கியபோது, பின்னால் வந்த வண்டி மோதி உயிரிழந்தார். வயது 56. பிரயாணிகளுக்காகச் சிந்தித்த ஒருவர் வழியிலேயே முடிந்துபோனார்.

அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில் மலர்ச் சீட்டு முதல் இன்றைய பெட்டிகள்வரை கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, சுத்தமும் ஒழுங்கும் சொல்லவேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்தான் ஆடக்கூடிய பூதாகாரமான கைப்பிடிகள் இருக்கின்றன. தாத்தாவும் பேத்தியுமாக ஒரு ஜோடி, ஒருவர் திசையைப் பார்க்க ஒருவர் பொத்தானை அழுத்த, தோற்றுத் தோற்றுச் சிரித்தார்கள். கண்ணாடிப் பேழைக்குள் நம் பெட்டியின் உடன்பிறப்பு புத்தம்புதிதாக இருந்தது. கீறல் இல்லை, வியர்வைக் கறை இல்லை. யாரும் அதில் ஆடியதாகத் தெரியவில்லை. நமக்கு என்னவோ, பையில் இருந்ததே அருங்காட்சியகத்துக்கு உரியது என்று தோன்றியது.

பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியோடு இருக்கிறார்கள் என்று பெற்றோர் நம்மிடம் முறையிடுவது வழக்கம். அந்தக் காலத்துப் பெட்டியையும் பெற்றோர் இப்படித்தான் திட்டினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. போக்கெமோனை உருவாக்கிய தஜிரி சதோஷி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதன்வழியே பூச்சிகள் ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தார். அதிலிருந்து பிறந்த விளையாட்டில் தனியாக ஆடி எல்லாப் பிராணிகளையும் சேர்க்க முடியாது; வேறொருவனோடு மாற்றிக்கொண்டே ஆகவேண்டும். கம்பியின் நீளத்துக்குள் பக்கத்தில் உட்காரவும் வேண்டும். தூத்துக்குடிப் பையனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. ஊரில் வேறு எவனிடமும் அப்போது அந்தப் பெட்டி இல்லை.

குறித்த நாளில் ஒசாகாவுக்குச் சென்றோம். நிப்போன்பாஷியில் நம் சென்னை ரிச்சித் தெருவைப் போல் கடையோடு கடை ஒட்டி நிற்கிறது. ஆனால் கூச்சல் இல்லை. ஹிமேஜி முதியவர் நமக்கு முன்பே வந்து தம்பியின் கடையில் உட்கார்ந்திருந்தார். தம்பி பேச்சு வளர்க்காதவர். மூன்று பிளவுள்ள விசேஷத் திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்து, பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்த இடங்களைச் சுரண்டினார். ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் கார்ட்ரிட்ஜின் இணைப்புகளைத் துடைத்தார். பிறகு அதை ஒரு சிறு கருவியில் செருகிக் கணினியோடு இணைத்தார். மின்கலத்தைத் தொடுமுன் பதிவை நகல் எடுக்கவேண்டும். நகல் பிழையாக வந்தால் வேலையை நிறுத்திவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முதல் தடவை பிழையாகத்தான் வந்தது. மின்கலத்தின் அழுத்தத்தை அளந்து பார்த்தார்; தலையசைத்தார். நம் தோழர் மொழிபெயர்த்தார்: “இன்னும் சில மாதங்கள் தாங்கலாம், நாளையே நின்றும் போகலாம்.” மீண்டும் துடைத்து மீண்டும் செருகினார். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் எடுத்த நகல்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. மொத்தம் 32 கிலோபைட். கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு. ஒரு பிள்ளையின் 61 மணி நேரம் அதற்குள் இருந்தது.

அதன் பிறகுதான் சூடுகோலை எடுத்தார். பழைய மின்கலம் அகன்றதும் சில்லு வெறுமையாயிற்று. சோதனைக்காகப் பெட்டியில் செருகிக் காட்டினார். திரையில் மூன்று வரிக்குப் பதில் இரண்டே வரி. ‘விட்ட இடத்திலிருந்து தொடங்கு’ என்பது இல்லை. அந்த ஒரு நிமிடம் நாம் வாய்திறக்கவில்லை. புதிய மின்கலத்தைப் பற்றவைத்து, கணினியிலிருந்த நகலைத் திரும்ப எழுதி, பெட்டியை மூடி, இயக்கினார். பெயர் வந்தது. பதக்கங்கள் ஐந்து. 61 மணி 24 நிமிடம்.

கூலி எவ்வளவு என்று கேட்டோம். மின்கலத்தின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். பழைய மின்கலத்தைச் சிறு உறையிலிட்டு, இதுவும் அந்தத் தந்தைக்கே சேரவேண்டும் என்று கொடுத்தார். கார்ட்ரிட்ஜின் உள்ளே தேதி குறித்த துண்டுச் சீட்டு ஒன்றையும் ஒட்டியிருக்கிறார். அடுத்து மாற்றுகிறவர் அறிவதற்காக.

பெரியவரிடம் பெட்டியை ஒப்படைத்து இப்போது பல மாதங்கள் ஆகின்றன. மூன்று வரிகளின் பொருளையும் தமிழில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். நகல் பத்திரமாக இருப்பதால் பயமின்றி ஆடலாம் என்று நாம் சொல்லியும் அவர் ஆடுவதில்லை. ஆடிப் பதிவு செய்தால் நேரம் 61 மணி 25 நிமிடமாகிவிடும் என்கிறார். கடற்கரை ஆலயத்தைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால், திண்ணையில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, பெட்டியை எடுத்துவந்து இயக்கிக் காட்டுகிறார். ‘டிங்’ என்ற ஓசை வந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்கிறார். பொத்தானை அழுத்துவது மட்டும் அவர்தான்.